முப்பத்தெட்டாவது வரி

வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டபோது அறையில் இருந்தவர்கள்: ஆய்வாளர், எழுத்துப் பணியில் உள்ள பெண் காவலர், கணினி பற்றி விளக்கம் சொல்ல அழைக்கப்பட்ட தொழில்நுட்பக்காரர், நான். ஆக நான்கு பேர். தேநீர் கொண்டுவந்தவர் வைத்துவிட்டு உடனே போய்விட்டதால் அவரைச் சேர்க்கவில்லை. என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வருகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, வேண்டாம், அவளே சொல்லிக்கொள்வாள் என்றார். அவரையும் சேர்க்கவில்லை.

இது ஒரு பெயர்ப் பட்டியல் வெளியே போனதால் வந்த வழக்கு. ஆகவே இந்தத் தாள்களில் யார் பெயரும் எழுத வேண்டாம், தொழிலையோ உறவையோ சொன்னால் போதும், பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன் என்று ஆய்வாளர் சொன்னார். அப்படியே செய்தேன். என் வயது ஐம்பத்தொன்பது. தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதினேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் நானாகக் கற்றது. சொல்லச் சொல்லக் காவலர் எழுதுவது வழக்கம் என்றார்கள். நான் தேதி தவறாமல் குறிப்பு வைத்திருப்பவள், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், அனுமதித்தார்கள். என்னுடைய நோட்டு மேசைமேல் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து வீட்டுக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து மற்றவை. இந்த வழக்குக்கு வேண்டியது பின்பக்கம்.

தனியாக வாழும் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் சங்கம் ஒன்றில் நான் ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கணினி, ஒரு கைபேசி. சங்கத்தின் செயலாளர் அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. செவ்வாயும் வெள்ளியும் அவர் வரமாட்டார், அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் நான் மட்டும் இருப்பேன். நகராட்சி எங்களுக்குக் கொடுத்த முதியவர்கள் முப்பத்தேழு பேர். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தொலைபேசி எண், நோய், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கமாட்டார், மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது, யார் போய்ப் பார்க்கிறார் என்பதெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருப்பது என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பட்டியலை அச்செடுத்து நகராட்சிக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், அவர்கள் அதைத் தங்கள் கணினியில் ஏற்றிக்கொள்வார்கள் என்பது ஒப்பந்தம்.

கணினியில் உள்ள பட்டியலில் முப்பத்தெட்டு வரி உண்டு. முப்பத்தெட்டாவது வரியில் இருப்பவர் உலகத்திலேயே இல்லாதவர். நான் கணினி கற்றுக்கொண்ட புதிதில், பெயர்களை அகர வரிசைப்படுத்தப் போய், ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை அன்றே கண்டுபிடித்தேன். அதன் பிறகு, வரிகள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்வதற்காக, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விவரங்களைப் போட்டு ஓர் ஆளை நானே உண்டாக்கினேன். பெயர், சிறு வயதில் நான் என் பொம்மைக்கு வைத்தது. வயது எண்பத்தொன்று. எண், எங்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி எண். சாவி இருக்கும் இடம், வாசலுக்கு இடப்பக்கம் மூன்றாவது தொட்டிக்குக் கீழே. எங்கள் வீட்டில் தொட்டியே கிடையாது. நகராட்சிக்கு அச்செடுக்கும்போது அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டுத்தான் எடுப்பேன். இல்லாத ஆளை இருப்பதாக எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பது பொய். நான் கடவுளுக்குப் பயந்தவள். ஆறு வருடத்தில் கொடுத்த இருபத்து நான்கு பிரதிகளிலும் முப்பத்தேழு வரிதான் இருக்கும், எடுத்துப் பார்க்கலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கத்துக் கைபேசிக்கு ஒரு பெண் பேசினாள். உள்ளாட்சி அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் கணினிப் பாதுகாப்பில் எப்படி இருக்கின்றன, எதற்கு ஆபத்து அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது, நாற்பத்திரண்டு கேள்விகள், உங்களுக்கு நேரம் இருக்கும்போது பதில் சொன்னால் போதும் என்றாள். இப்போதே நேரம் இருக்கிறது என்றேன். அன்று நாற்பத்தொரு நிமிடம் பேசினோம், ஒன்பது கேள்விதான் முடிந்தது. அதன் பிறகு வெள்ளியும் செவ்வாயுமாக ஐந்து முறை பேசினாள். நோட்டில் குறித்தபடி நிமிடங்கள்: 41, 28, 35, 22, 44, 22. கூட்டினால் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். என் மகன் வேறு ஊரில் இருக்கிறான், ஞாயிறு தவறாமல் பேசுவான். அதே நாட்களில் வந்த இரண்டு ஞாயிறும் சேர்த்து அவன் பேசியது பதினொரு நிமிடம். இதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். நோட்டில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன் என்றேன்.

கேள்விகள் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. கணினியை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள், கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியுமா, நகல் எடுத்து வைக்கிறீர்களா, தெரியாத கடிதத்தைத் திறப்பீர்களா. நான் ஒளிக்காமல் பதில் சொன்னேன். தெரியாததை மறுநாள் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த முறை சொன்னேன். பதினேழாவது கேள்விக்கும் பதினெட்டாவது கேள்விக்கும் நடுவே, ஏன்க்கா இன்னைக்குக் குரல் ஒரு மாதிரி இருக்கு, சளியா என்று கேட்டாள். அந்தச் சளி எனக்கு அதற்கு நான்கு நாள் முன்பே பிடித்தது. போனை வைக்கும்போதெல்லாம் சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்றால், போய் முதல்ல சாப்பிடுங்க, ஆய்வு எங்கயும் ஓடிடாது என்பாள். நான் போய்ச் சாப்பிடுவேன்.

இருபத்திரண்டாவது கேள்வி, உங்களோடு சேர்ந்து வேலை செய்யும் அலுவலகத்தில் எந்த இடம் பலவீனமானது என்பது. இதில் என் மனதில் அழுக்கு இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நகராட்சியில் முதியோர் பிரிவைப் பார்க்கும் எழுத்தரை எல்லோரும் முத்திரை என்றுதான் சொல்வார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்தாலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார் என்று கேலி. ஒரு முறை ஒரு முதியவரின் வீட்டு எண் தவறாக இருக்கிறது, திருத்துங்கள் என்று வாயால் சொன்னேன், எழுத்து மூலமா குடுங்க என்றார். எழுதிக் கொடுத்தேன், பத்தொன்பது நாள் ஆனது. அந்தக் கோபம் எனக்கு இருந்தது. ஆகவே அந்தப் பெண்ணிடம், நகராட்சியில் ஓர் எழுத்தர் இருக்கிறார், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினித் திரையிலேயே ஒட்டி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முடிவில் ஓர் அட்டவணை வெளியிடுவோம், இப்ப இருக்கிற நிலவரப்படி நகராட்சியை விட நீங்கதான்க்கா மேல, அநேகமா உங்க சங்கம்தான் முதல்ல வரும் என்றாள். அன்று வீட்டுக்குப் போய் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே ம் என்றார்.

20ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைசிக் கேள்வி. கடவுச்சொல் பலமானதா என்பது. அதை என்னிடம் சொல்லவே சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லக்கூடாது, நான் ஒரு பக்கம் அனுப்புறேன், அதில் நீங்களே போட்டுப் பாருங்க, பலம் எவ்வளவு என்று அதுவே காட்டும் என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொன்னவளை எப்படிச் சந்தேகப்படுவது? எங்கள் கடவுச்சொல்லை அமைத்தவள் நான்தான். காலையில் நான் சொல்லும் பிரார்த்தனையின் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் எடுத்துக் கோத்தது. அவள் அனுப்பிய பக்கத்தைத் திறந்து, வாய்க்குள் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே ஓர் எழுத்தும் விடாமல் அடித்தேன். பச்சை நிறத்தில் 'மிகவும் பலமானது' என்று வந்தது. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'பச்சை' என்று எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து இந்த இருபது நாளாக அல்ல, உண்மை தெரிந்த நாளிலிருந்து, அந்தப் பிரார்த்தனை இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறது.

அதன் பிறகு 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, கேள்விகள் முடிந்துவிட்டன என்று தெரிந்தும், பதினொரு மணிக்குக் கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை.

25ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் பட்டியலில் நான்காவதாக உள்ள ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் காலில் உள்ள புண்ணுக்குக் கட்டு மாற்ற மருத்துவமனைக்குப் போனார். புதன் பத்து மணி என்பது பட்டியலில் இருக்கிறது. சாவி மின்மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் என்பதும் இருக்கிறது. திரும்பி வந்தபோது கதவு ஒழுங்காகப் பூட்டியே இருந்தது, சாவியும் இருந்த இடத்தில் இருந்தது, வீட்டுக்குள் பலதும் இல்லை. நான் அன்று மாலை போனேன். கைக்கடிகாரம், வானொலி, மோதிரம் என்று நான் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “மத்ததெல்லாம் போகட்டும்மா, அந்தப் பழைய பட்டன் போனை மட்டும் கேட்டு வாங்கிக் குடு, அதுல அவ பேசினது இருக்கு” என்றார். அவருடைய மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வரும்போது தயிர் வாங்கி வரச்சொல்லி அந்த அம்மா பதிவு செய்து அனுப்பிய ஒரு செய்தி அந்தப் போனில் இருந்தது. ஓட்டுநர் ஐயா அதை எனக்கும் இரண்டு முறை போட்டுக் காட்டியிருக்கிறார்.

அதன் பிறகு 27ஆம் தேதி தையல்காரம்மா வீட்டிலும், 30ஆம் தேதி பள்ளிக்கூடத்துப் பழைய காவலாளி வீட்டிலும் இதே போல் நடந்தது. இருவருக்கும் முதல் நாளே, சங்கத்திலிருந்து பேசுகிறேன், இந்த வாரம் வேறு ஆள் வருவார் என்று ஒரு பெண் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள்.

இந்த மாதம் 1ஆம் தேதி ஆய்வாளர் சங்கத்துக்கு வந்து விசாரித்தார். பட்டியல் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள் ஒன்று, நகராட்சி ஒன்று, எங்கிருந்து போயிருக்கும் என்று கேட்டார். செயலாளர் அம்மா என்னைப் பார்த்தார். நகராட்சியில் கடவுச்சொல் திரையிலேயே ஒட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன். அது பொய் அல்ல. ஆனால் அந்தப் பெண்ணிடம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் பேசியதை அன்று சொல்லவில்லை. அவள் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை என்பதால் சொல்லவில்லை. மறைத்ததாக எழுத வேண்டாம். 3ஆம் தேதி எழுத்தரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பென் டிரைவில் போட்டு விற்றுவிட்டார் என்று டயர் கடைக்காரர் வரைக்கும் பேசினார்கள். விசாரணை முடியும் வரை முதியவர்கள் யாருக்கும் சங்கத்திலிருந்து தொலைபேசியில் பேசக்கூடாது, நேரில் போகக்கூடாது, சங்கம் என்று சொல்லிக்கொண்டு யார் பேசினாலும் நம்ப வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் காவலர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உணவுப் பொட்டலம் மட்டும் வாசலில் வைக்கப்படுகிறது.

7ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எங்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி அடித்தது. அது அடித்து மாதக்கணக்கில் ஆகிறது. முதலில் பக்கத்து வீட்டில் என்று நினைத்தேன். எடுத்தேன். என் பொம்மையின் பெயரைச் சொல்லி, அந்த அம்மாதானே என்று கேட்டது ஒரு குரல். அதே பெண். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஆமாம் என்றேன்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

சாப்பிட்டேன் என்றேன்.

“உங்களைப் பாக்க வர்ற அக்கா இந்த வாரம் வரமாட்டாங்கம்மா. எங்க ஆள் வேற ஒருத்தர் வருவார். சாவி அந்த மூணாவது தொட்டிக்குக் கீழதானே இருக்கு?”

மூன்றாவது தொட்டி என்பது எங்கள் கணினியில், முப்பத்தெட்டாவது வரியில் தவிர, இந்தப் பூமியில் வேறு எங்கும் இல்லை. நகராட்சியிடம் இல்லை. எழுத்தருக்குத் தெரியாது. அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நான் அந்தப் பச்சைப் பக்கத்தில் அடித்த கடவுச்சொல்லை வைத்து, இணையம் வழியாக எங்கள் பட்டியலைத் திறந்திருக்கிறாள். அப்போதே போனை வைத்துவிட்டு ஆய்வாளரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஆறு நிமிடம் பேசினேன் என்று நோட்டில் இருக்கிறது. ஏன் என்று ஆய்வாளர் இரண்டு முறை கேட்டார். அவள் என் குரலை அடையாளம் கண்டுகொள்வாள் என்று காத்திருந்தேன் என்பதுதான் பதில். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதுவும் அந்த வரியில் நான் எழுதி வைத்தது. வெயிலில் வெளியே போகாதீர்கள் என்றாள். கடைசியில் நானே கேட்டேன், “என்னைத் தெரியலையாம்மா உனக்கு?”

“தெரியாம என்னம்மா, லிஸ்ட்லயே இருக்கீங்களே” என்றாள்.

போனை வைத்தேன். கணவர் உள்ளறையிலிருந்து யாரு என்று கேட்டார். தப்பு நம்பர் என்றேன். இந்த வழக்கில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதையும் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறேன். நாளை வரச்சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்கு, நாளைக்கு என் மகன் வருகிறான் என்று நான் சொன்னது அந்தப் பொம்மை சொன்னது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் 8ஆம் தேதி செயலாளர் அம்மாவிடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பிறகு, “நீ போய்ச் சொல்லிட்டா அந்த முத்திரை ஆளு தப்பிச்சிடுவான், சரி. நகராட்சி நம்ம ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடும். அப்புறம் இந்த முப்பத்தேழு பேர் வீட்டுக் கதவை யாரு தட்டுவா? அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்றைய பகல் முழுக்க ஒரு பக்கத்தில் ஓர் ஆளையும் மறுபக்கத்தில் முப்பத்தேழு பேரையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டவும் வரவில்லை, கழிக்கவும் வரவில்லை.

9ஆம் தேதி புதன்கிழமை காலையில் எழுத்தர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எழுத்தர் முன்னறையில் பழைய செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், எழுத்து மூலமா கொண்டுவந்திருக்கீங்களா?” என்றார். கொண்டுவரவில்லை, நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். திரையில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றிக் கேட்டேன். அது மூன்று வருடத்துக்கு முன்பு பழுதாகிப்போன வேறொரு கணினியின் கடவுச்சொல்லாம்; அதைக் கிழிக்க யாரும் எழுத்து மூலமாக உத்தரவு போடவில்லை என்பதால் அப்படியே இருக்கிறதாம். இப்போதுள்ள கணினிக்கு இணைய இணைப்பே இல்லை; கேட்டு எழுதிய மனு பதினொரு மாதமாக மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது. இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேன், எழுத்து மூலமாக மேலதிகாரி உறுதி செய்ய வேண்டும் என்றார்கள், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, முழுவதும் வரவில்லை.

அந்த ஆய்வுப் பெண் அவருக்கும் பேசியிருக்கிறாள். எனக்குப் பேசுவதற்கு முதல் நாளே. எழுத்து மூலமா அனுப்புங்க என்று சொல்லி வைத்துவிட்டாராம். தபாலில் நாற்பத்திரண்டு கேள்விகளும் வந்தன. முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் மூன்றாவது தட்டில் வைத்துவிட்டார். அது இன்னும் அங்கேயே இருக்கும், உறையில் அஞ்சல் முத்திரையோடு இருக்கும், உங்களுக்குப் பயன்படலாம். கிளம்பும்போது அவர் சொன்னது: “நான் யார்கிட்டயும் சரியாப் பேசமாட்டேன்னு ஊருக்கே தெரியும். என்கிட்ட வந்து என்னத்த வாங்கிட்டுப் போவாங்க? உங்ககிட்ட பேசினா பதில் கிடைக்கும்.” குத்தலாகச் சொன்னாரா, உள்ளபடியே சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. வாசல் வரை வந்து செருப்பை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

இரண்டு இடத்தையும் உள்ளே போய்ப் பார்த்தவர் நீங்கள்தான், எது அதிக ஆபத்து என்று சொல்லுங்கள் என்று ஆய்வாளர் இப்போது கேட்டார். அதே கேள்வியை இரண்டாம் முறையாக என்னிடம் கேட்கிறார்கள். இந்த முறை யோசித்துச் சொன்னேன். நகராட்சியில் ஓர் ஆளைப் பிடிக்க மூன்று மேசை தாண்ட வேண்டும், மூன்றாவது மேசையிலும் ஆள் இருக்கமாட்டார். எங்கள் சங்கத்தில் தொலைபேசி இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவோம், வந்தவருக்கு நாற்காலி போடுவோம், கேட்டதற்குப் பதில் சொல்வோம். ஒரே கடவுச்சொல், ஐந்து பேருக்குத் தெரியும், அதில் இருவர் விலகிப்போய் வருடமாகிறது. மாற்றினால் அவர்கள் மனம் கஷ்டப்படும் என்று மாற்றவில்லை. நகராட்சியிடம் உள்ளது துருப்பிடித்துத் திறக்காத பூட்டு. எங்களிடம் கதவே சாத்துவதில்லை. இப்படி நான் சொன்னதும், தொழில்நுட்பக்காரர் குறுக்கிட்டு, “நகராட்சி பாதுகாப்பா இருந்துச்சுன்னு எழுதிடாதீங்கம்மா. இன்னும் மாட்டலைன்னு எழுதுங்க. அந்த மனு நாளைக்குப் பாஸ் ஆச்சுன்னா அன்னைக்கே அவங்களும் காலி” என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

செயலாளர் அம்மா இன்று நான் இங்கே வருவது அறிவார். தடுக்கவில்லை, உடன் வரவும் இல்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், பார்த்தால் என் கணவர். திங்கட்கிழமை வந்தது தப்பு நம்பர் இல்லை என்று எனக்குத் தெரியும் என்றார். இறங்கும் வரை நோட்டை அவர்தான் வைத்திருந்தார்.

இதில் நான் எழுதியது எல்லாம் நான் செய்ததும், என் காதால் கேட்டதும், என் நோட்டில் அன்றன்றைக்குக் குறித்ததும்தான். பயந்தோ யாரும் சொல்லிக் கொடுத்தோ எழுதவில்லை. மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், மூன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டியல் வெளியே போனது எங்கள் கணினியிலிருந்து, என் கையால். எழுத்தர் மேல் குற்றம் இல்லை. எனக்கு என்ன தண்டனை என்று இப்போது கேட்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். முப்பத்தேழு பேரும் ஒரு வாரமாக எந்தக் குரலையும் நம்பக்கூடாது என்ற உத்தரவோடு உள்ளே இருக்கிறார்கள். இனிமேல் நான் பேசி, சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அவர்கள் போனை வைத்துவிடுவார்கள், வைக்கத்தான் வேண்டும். நேற்றுப் புதன்கிழமை ஓட்டுநர் ஐயா கட்டு மாற்றப் போகவில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வீட்டை விட்டு வெளியே வர அவருக்குப் பயம். அடுத்த புதன்கிழமையாவது போக வேண்டும். நான் இல்லாவிட்டால் பரவாயில்லை, அவர் முகம் பார்த்து நம்பக்கூடிய யாராவது ஒருவர் போய் அந்தக் கதவைத் தட்டலாமா, எந்த நாளில் தட்டலாம் என்று தெரிய வேண்டும். எழுத்து மூலமாகவே கொடுங்கள். பதில் சீக்கிரம் வேண்டும்.

(கையொப்பம்)